தண்ணீர் செய்த கொலை

அத்தியாயம் 3

"கொலை நடந்திருக்கு சார். செத்ததுல எனக்கு வருத்தம் இல்ல. தப்பான இடத்துல செத்திருக்கு. அதான் பிரச்சினை."

எதிரே உட்கார்ந்திருந்த பெண் இப்படிச் சொன்னதும் முருகையன் டீ கிளாசை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, போர்வெல் ஆபீசுக்கு மேல்மாடியில், 'அரங்கநாதன் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி நாலு வருஷம் ஆகிறது. இதுவரை வந்தவை: காணாமல் போன ஆடுகள் பதினொன்று, மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கச் சொன்னவர்கள் முப்பத்திரண்டு பேர், திருட்டுப் போன மோட்டார் ஒன்று. கொலை என்ற வார்த்தை அந்த அறைக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாக நுழைந்தது. முருகையனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அரங்கநாதனுக்கு ஒன்றும் அரிக்கவில்லை. அரசு பஸ்களில் முப்பது வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். டிக்கெட் எடுக்காதவன் சொல்லும் கதைகளை எல்லாம் கேட்டுக் கேட்டு, எதற்கும் ஆச்சரியப்படாத முகம் அவருக்கு வாய்த்துவிட்டது. முருகையன் அவர் கையால் சஸ்பெண்ட் ஆன கண்டக்டர். ஓர் ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போடாமல் கொளக்காநத்தம் வரை கூட்டிக்கொண்டு போனது குற்றம். சஸ்பெண்ட் பண்ணியவரிடமே உதவியாளனாகச் சேர்ந்த கண்டக்டர் தமிழ்நாட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்பது தெரியவில்லை.

"செத்தது யாரும்மா?" என்றார் அரங்கநாதன்.

"ஸ்டாஃபைலோகாக்கஸ்."

"வெளியூர்க்காரரா?" என்றான் முருகையன்.

"கிருமிண்ணே. உடம்புல சிரங்கு, சீழ்க்கட்டி எல்லாம் வர வைக்கிற கிருமி."

"எத்தனை பேரு?"

"ஒரு தட்டுக்குப் பல கோடி இருக்கும்."

"கோடிக்கணக்குல செத்திருக்காங்க, ஒரு பேப்பர்லயும் வரலியே சார்!"

அரங்கநாதன் ஒரு பார்வை பார்த்தார். முருகையன் வாயை மூடிக்கொண்டு நோட்டைத் திறந்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் ஏஞ்சல் மேரி. ஏலாக்குறிச்சிக்காரி, வாத்தியார் மகள். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. தர்ப்பைப் புல் கிருமியைக் கொல்லுமா, கொன்றால் எப்படிக் கொல்லும் என்பதுதான் மூன்று வருஷமாக அவள் சோறு தண்ணீர் மறந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேலை.

"ஒரு கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமியை வளர்ப்பேன் சார். அது மேல ரெண்டு காகிதப் பொட்டு வெப்பேன். ஒண்ணு தர்ப்பைச் சாறுல நனைச்சது. இன்னொண்ணு வெறும் தண்ணியில நனைச்சது. மறுநாள் பாத்தா, தர்ப்பைப் பொட்டைச் சுத்தி வட்டமா வெறிச்சோடிக் கெடக்கும். அங்க இருந்த கிருமி எல்லாம் செத்துப் போச்சுன்னு அர்த்தம். தண்ணிப் பொட்டைச் சுத்தி ஒண்ணும் ஆகாது. மூணு வருஷமா இப்படித்தான்."

"இப்ப?"

"திங்கக்கிழமை வெச்ச தட்டுல தலைகீழா ஆயிடுச்சு. தர்ப்பைப் பொட்டு மேலேயே கிருமி ஏறி உக்காந்திருக்கு. தண்ணிப் பொட்டைச் சுத்தித்தான் எல்லாம் செத்துக் கெடக்கு. புதன்கிழமை திரும்பவும் வெச்சேன். அதே கதை." அவள் குரல் இறங்கியது. "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கமிட்டி. போன தடவையே சந்தேகப்பட்டாங்க. எந்தப் பொட்டுல மருந்து இருக்குன்னு எனக்குத் தெரியும்ல, அதனால வட்டத்தை அளக்கறப்ப என் கை தானா பெருசா அளக்கும்னாங்க. இப்ப இதைப் பாத்தா மூணு வருஷ வேலையை ரத்து பண்ணிடுவாங்க. அதுகூடப் போவட்டும் சார். பொய் சொன்னவன்னு எழுதிடுவாங்க. எங்கப்பா வாத்தியாரு சார்."

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முருகையனுக்கு அதுவரை இருந்த விளையாட்டுப் புத்தி சட்டென்று அடங்கிவிட்டது. கோடிக் கிருமி சாகட்டும், இந்தப் பிள்ளை அழக்கூடாது என்று தோன்றியது.

"புல்லு எப்படிம்மா கொல்லும்?" என்றார் அரங்கநாதன்.

"கிருமியைச் சுத்தி ஒரு சுவரு. அதுக்கு உள்ளாற மெல்லிசா ஒரு சவ்வு. எது உள்ள வரணும், எது வெளிய போவணும்னு பாத்துக்கறது அந்தச் சவ்வுதான். தர்ப்பையில இருக்கிற சில சத்து அந்தச் சவ்வுல போய் ஒட்டி ஓட்டை போட்டுடும். உள்ள இருக்கிற உப்பு, புரதம் எல்லாம் வெளிய ஒழுகிடும். அப்பறம் கிருமி எங்க பொழைக்கிறது?"

"அதாவது கண்டக்டரை அடிச்சுப் போட்டுட்டு ரெண்டு கதவையும் திறந்து விட்டாப்ல," என்றான் முருகையன். "டிக்கெட் எடுத்தவன் எல்லாம் இறங்கிப் போயிடுவான். எடுக்காதவன் எல்லாம் ஏறிக்குவான். டெப்போ போய்ச் சேராது வண்டி."

"கிட்டத்தட்ட அதாண்ணே," என்று அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

பத்து மணிக்கு மூன்று பேரும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். உள்ளே ஏதோ புளித்த வாடை. கிருமிகளை வெதுவெதுப்பில் வளர்க்கும் அடைகாக்கும் பெட்டி ஒன்று மூலையில் முனகிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக் கும்பிடப் போன முருகையனை ஏஞ்சல் மேரி தடுத்துவிட்டாள்.

அரங்கநாதன் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓடுகிற பஸ்ஸில், படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, எதிராளி கையில் இருக்கும் டிக்கெட் இன்றையதா நேற்றையதா என்று நிறத்தை வைத்தே சொல்லக்கூடிய கண்கள் அவை.

"புட்டி மேல ஒட்டுற சீட்டை யாராவது மாத்தி ஒட்டியிருக்கலாம்ல?"

"முடியாது சார். புட்டியிலயே நம்பர் கீறி வெச்சிருக்கேன். புட்டி மாறல."

"அப்ப உள்ள இருக்கிறதுதான் மாறியிருக்கு. இந்தத் தண்ணிப் பொட்டு ஏம்மா மஞ்சளா இருக்கு?"

ஏஞ்சல் மேரி எட்டிப் பார்த்தாள். "வெள்ளையாத்தானே சார் இருக்கு?"

"நனைக்காத பொட்டு ஒண்ணு எடு."

பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். புதுப் பொட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. தண்ணீரில் நனைத்தது, சட்டைப் பையில் ஒரு நாள் வியர்வையில் ஊறிய டிக்கெட் மாதிரி லேசாகப் பழுத்திருந்தது. அவள் வாயைப் பிளந்தாள்.

"முருகையா, எழுதிக்க. பயணியோட பேரு தண்ணி. எங்க ஏறுச்சு, எங்க இறங்குச்சு, நடுவுல யாரு கூட உக்காந்துச்சு, இது மூணும் தெரிஞ்சா போதும். சொல்லும்மா."

"சனிக்கிழமை சாயந்தரம் காய்ச்சி வடிச்ச தண்ணியை இந்தப் பழுப்புப் புட்டியில ரொப்பி, கிருமி வளர்க்கிற கண்ணாடிக் குழாய் பக்கத்துல வெச்சேன். ஞாயித்துக்கிழமை லேப் பூட்டு. திங்கக்கிழமை காலையில புட்டியைத் தூக்கி அந்தப் பெரிய பிரஷர் பாத்திரத்துல வெச்சுக் கொதிக்க விட்டேன். வேற கிருமி எதுவும் இருக்கக் கூடாதுல்ல, அதுக்காக. அதே நேரத்துல ஜாடியில இருந்த தர்ப்பையை எடுத்து ஆல்கஹால்ல கொதிக்க வெச்சுச் சாறு எடுத்தேன்."

"ஆல்கஹாலா?" என்றான் முருகையன். "அப்ப பாதிப் பேரு போதையிலதான் செத்திருப்பான்."

"அது பூரா ஆவியாயிடும்ணே."

"அடப் பாவமே."

"ஞாயித்துக்கிழமை சாவி யாரு கிட்ட இருந்துச்சு?" என்றார் அரங்கநாதன்.

"அரவிந்தன்கிட்ட ஒண்ணு. அவரும் ஆராய்ச்சி மாணவர்தான். குப்பைமேனியை வெச்சுப் பண்றாரு. என் புல்லு ஜெயிச்சா அவரு குப்பைமேனிக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க. எனக்கு அவர் மேலதான் சந்தேகம். இன்னொரு சாவி லேப் அட்டெண்டர் ராஜதுரை அண்ணன்கிட்ட. ஆனா அவரு தங்கமானவரு. லீவுல போயிருக்காரு."

அரவிந்தனைக் கூப்பிட்டார்கள். ரஞ்சன்குடிக்காரன், ஒல்லியாக, மீசையைத் தடவிக்கொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் வூட்டை விட்டே வெளிய வரல சார். சந்திர கிரகணம்! எங்கம்மா மத்தியானமே கதவைச் சாத்திட்டாங்க. நான் ஏதோ கர்ப்பிணி மாதிரி கட்டில்லயே உக்கார வெச்சுட்டாங்க. மாவுல புல்லு, தயிர்ல புல்லு, ஊறுகாய் ஜாடியில புல்லு. மறுநாள் தோசையில பல்லு குத்துற மாதிரி நீட்டா ஒண்ணு வந்துச்சு."

"எதுக்குப் புல்லு?" என்றாள் ஏஞ்சல் மேரி. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"கிரகணத்தன்னைக்குச் சாப்புடற பொருள் கெட்டுப் போவாம இருக்கத் தர்ப்பை போட்டு வெப்பாங்க. ஒங்க வூட்ல போட மாட்டீங்களா?"

"எங்க வூட்ல அன்னைக்குப் பிரியாணி."

அரங்கநாதன் அசையாமல் நின்றார். அந்த நிற்பை முருகையனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அந்த பஸ்ஸில், கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து 'மே' என்று சத்தம் வந்தபோதும் அவர் இப்படித்தான் நின்றார்.

"ஏம்மா, நீளமா இடுக்கி இருக்கா?"

பழுப்புப் புட்டியின் குறுகிய வாய் வழியே இடுக்கி உள்ளே போனது. இரண்டு தடவை துழாவியது. வெளியே வந்தபோது அதன் நுனியில் வெந்துபோன புல் ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு கொத்து. முருகையன் ஒன்றை எடுத்து விரலால் உருவிப் பார்த்தான். வெந்தும்கூட அதன் ஓரம் ரம்பமாக இருந்தது. விரலில் ரத்தம் கசிந்தது.

"தர்ப்பையேதான் சார். சத்தியமா. என் கையிலயே கையெழுத்துப் போட்டுடுச்சு."

"என் தண்ணியில எப்படி..." ஏஞ்சல் மேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "புல்லோடயே கொதிக்க விட்டிருக்கேன். தண்ணின்னு நினைச்சுக் கஷாயத்தை வெச்சிருக்கேன்!"

"அட்டெண்டரு எப்ப லீவு போட்டாரு?"

"செவ்வாய்க்கிழமை சாயந்தரம். தட்டைத் திறந்து காட்டினேன், பாருங்கண்ணே எல்லாம் செத்துப் போச்சுன்னு. பாத்துட்டு லீவு லெட்டரை எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு. போனும் ஆஃப்."

லெட்டர் மேசையிலேயே இருந்தது. காரணம் என்ற இடத்தில், 'நெருங்கிய வட்டாரத்தில் துக்கம்' என்று எழுதியிருந்தது.

"யாரு செத்தாங்களாம்?"

"கேட்டதுக்குச் சொல்லல சார்."

"எங்க போயிருப்பாரு?"

"சிறுவாச்சூர் கோயில்ல போய் விழுந்து கெடப்பாரு சார்," என்றான் முருகையன்.

"இன்னைக்கு வியாழக்கிழமைய்யா. திங்கள், வெள்ளிதான் நடை திறப்பாங்க. தப்பு பண்ணவனுக்கும் கிழமை தெரியும்."

"அவங்க அக்கா பெரியம்மாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இட்லிக் கடை வெச்சிருக்காங்க," என்றாள் ஏஞ்சல் மேரி. "நானும் வரேன்."

அரியலூர் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அரங்கநாதனின் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கேட்காமலே வண்டியில் இருந்த ஐம்பத்து மூன்று பேரின் டிக்கெட்டையும் மறுபடி சரிபார்க்க ஆரம்பித்துவிட்டான். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தலையெல்லாம் வெள்ளையாக அவர்கள் அரியலூரில் இறங்கியபோது மணி ஒன்றரை.

பெரியம்மாள் கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க காலேஜா? நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தப் பயலுக்கு என்னான்னு கேளுங்க. வந்ததுலேருந்து ஒரு வாய் சோறு திங்கல. யாருடா செத்தாங்கறேன், சொன்னா ஒனக்குப் பேரு வாயில நொழையாதுக்காங்கிறான். ஆம்பளையா பொம்பளையாடான்னா, அதுங்கள்ல அப்படி எல்லாம் கெடையாதுங்கிறான்."

உள்ளே, மாவு அரைக்கும் இடத்தில், ராஜதுரை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொன்பது வயது. மூன்று நாள் தாடி. ஏஞ்சல் மேரியைக் கண்டதும் எழுந்து நின்று கைகூப்பினார்.

"நான்தான் மேடம் கொன்னுட்டேன். கோடி உசுரு. என் கையால."

"உக்காருங்கண்ணே. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"மூணு வருஷமா தெனம் காலையில பெட்டியோட சூடு சரியா இருக்கான்னு நான்தானே பாக்கறேன். அதுங்க வளந்தா எனக்கு ஒரு சந்தோசம். ஞாயித்துக்கிழமை கிரகணம்னாங்க. வூட்ல எல்லாத்துலயும் தர்ப்பை போட்டாச்சு. திடீர்னு நெனப்பு வந்துச்சு, லேப்ல அதுங்க பாவம் தனியா கெடக்குதே, யாரு பாத்துக்குவான்னு. சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். குழாய்க்குள்ள கை வெக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அதனால அதுங்க குடிக்கிற தண்ணியில போட்டேன்."

"குடிக்கிற தண்ணியா?"

"பழுப்புப் புட்டி. அதுங்க பக்கத்துலதானே எப்பவும் வெச்சிருப்பீங்க?"

கிருமிகளைக் கிரகணத்திலிருந்து காப்பாற்ற, கிருமிகளைக் கொல்லும் புல்லை, கிருமிகளின் குடிதண்ணீரில் போட்டிருக்கிறார் மனுஷன். முருகையனுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. ராஜதுரையின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"ஒரு சந்தேகம் சார்," என்றான் அவன். "தண்ணி ஏன் கொன்னுச்சுன்னு புரியுது. தர்ப்பைச் சாறு ஏன் கொல்லல? அதுக்கு என்ன வந்துச்சு?"

நல்ல கேள்வி. அரங்கநாதனே ஒரு நிமிஷம் முருகையனை மரியாதையாகப் பார்த்தார். ராஜதுரை தலையைக் குனிந்துகொண்டார்.

"வூட்ல எல்லாத்துலயும் போட்டு முடிச்சதுல தர்ப்பை தீந்து போச்சுங்க. மேடம் ஜாடியிலதான் காஞ்சது கெடக்குதேன்னு அதை எடுத்துப் புட்டியில போட்டேன். நாலஞ்சு தண்டு போட்டா இத்தனை கோடிக்கு எப்படிப் பத்தும்? கொத்தாவே போட்டுட்டேன். அப்பறம் பாத்தா ஜாடி காலி. மேடம் காலையில வந்து தேடுவாங்களேன்னு, ஏரிக்கரையில வைக்கோல் மாதிரிக் காஞ்சு கெடந்த புல்லை அறுத்து, அதே மாதிரி துண்டு போட்டு ஜாடியை ரொப்பிட்டேன்."

"என்ன புல்லுண்ணே அது?" ஏஞ்சல் மேரியின் குரல் கீச்சென்று ஒலித்தது.

"ஆடு திங்கிற புல்லு மேடம்."

ஆக, மருந்து தண்ணீருக்குள் போயிருக்கிறது. மருந்து இருந்த இடத்தில் ஆட்டுத் தீனி. திங்கட்கிழமை ஏஞ்சல் மேரி ஆட்டுத் தீனியை ஆல்கஹாலில் காய்ச்சிக் கிருமிகளுக்கு விருந்து வைத்திருக்கிறாள்.

வழக்கு முடிந்துவிட்டது. அரங்கநாதன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "நாளைக்குக் கமிட்டியில இவரு வந்து இதைச் சொன்னா போதும்மா. நீ பொய் சொல்லலன்னு ஆயிடும்."

ராஜதுரை முக்காலியை விட்டு எழுந்தார். "ஞாயித்துக்கிழமை பூட்டைத் திறந்தது, ஜாடியில எடுத்தது, எல்லாம் தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களே. இன்னும் எட்டு மாசந்தான் சர்வீஸ் இருக்கு."

ஏஞ்சல் மேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"வேணாம் சார். அண்ணன் பேரு வர வேணாம். நானே கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"சொன்னா உன்னை விட மாட்டாங்கம்மா."

"தெரியும் சார். ஆனா இவரு என் கிருமிக்காக அழுதிருக்காரு. இவரைப் போய் எப்படி மாட்டி விடுறது?"

அவள் வெளியே போய்விட்டாள். அரங்கநாதன் மேல்துண்டை உதறிக்கொண்டு பின்னாலேயே போனார். முருகையன் மட்டும் நின்றான்.

"அண்ணே, நானும் அவருகிட்ட மாட்டினவன்தான். ஒரு ஆட்டுக்காக. நெசத்தைச் சொன்னேன், சஸ்பெண்ட் ஆனேன். ஆனா அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்."

"இப்ப என்ன பண்றீங்க?"

"அவருக்கே அசிஸ்டெண்டா இருக்கேன். அந்தத் தண்டனை இன்னும் முடியல."

மறுநாள் பதினோரு மணி. கமிட்டி அறையில் மூன்று பேராசிரியர்கள். நடுவில் திருச்சியிலிருந்து வந்திருந்த தலைவர் அனிதா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ ஒருவருடைய மூன்று வருஷம் போகப் போகிறது என்று அர்த்தமாம். அறை வாசலில் அரங்கநாதனும் முருகையனும் நின்றார்கள்.

"தண்ணி கிருமியைக் கொல்லுது, மருந்து கொல்லல. இதுக்கு என்னம்மா விளக்கம்?"

ஏஞ்சல் மேரி எழுந்தாள். "மேடம், தப்பு என் மேல. நான் கவனிக்காம..."

"அவங்க மேல இல்லீங்க!"

முருகையனை இடித்துத் தள்ளிக்கொண்டு ராஜதுரை உள்ளே நுழைந்தார். சவரம் செய்த முகம், காக்கிச் சட்டை. ஒரு கையில் ஜாடி, மறு கையில் பழுப்புப் புட்டி. நின்ற இடத்திலேயே மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கிரகணம், சைக்கிள், குடிதண்ணீர், ஏரிக்கரை, ஆடு எதையும் விடவில்லை. "என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்தப் பொண்ணுக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க."

அனிதா இரண்டு புல்லையும் கேட்டு வாங்கினார். ஜாடிப் புல்லை விரலால் உருவினார், ஒன்றும் ஆகவில்லை. புட்டிப் புல்லை உருவினார், 'ஸ்ஸ்' என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். விரலைச் சப்பிக்கொண்டே ஏஞ்சல் மேரியைப் பார்த்தார்.

"நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரியாது மேடம். கிரகணத்துக்குப் புல்லு போடுவாங்கங்கிறதே நேத்துதான் தெரியும்."

"பொட்டு வெக்கறப்ப எதுல தர்ப்பை இருக்குன்னு நினைச்ச?"

"சாறுல."

"வட்டத்தை அளக்கறப்ப?"

"தண்ணியில வட்டமே வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே அளந்தேன் மேடம்."

அனிதா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"போன தடவை நான் என்ன சொன்னேன்? எதுல மருந்துன்னு உனக்குத் தெரியும், அதனால நம்ப மாட்டேன்னேன். இப்ப உனக்குத் தெரியாமலே மருந்து இடம் மாறியிருக்கு. மாறின இடத்துல கொன்னிருக்கு. நீ கொல்லக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டும் கொன்னிருக்கு. தெரிஞ்சு செஞ்ச மூணு வருஷத்தை விடு. தெரியாம செஞ்ச இந்த மூணு நாள்தாம்மா எனக்கு வேணும்."

ஏஞ்சல் மேரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். முருகையனுக்கும் கண் கலங்கியது. வழக்கில் முதல் தடவையாகக் குற்றவாளி செய்த குற்றமே வாதியைக் காப்பாற்றிவிட்டது என்று அரங்கநாதன் முணுமுணுத்தார். அவருக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

"ஆனா ஒரு தடவை நடந்தா அது விபத்து," என்றார் அனிதா. "இன்னும் ரெண்டு தடவை நடக்கணும். ராஜதுரை, நீங்க இதே வேலையை இவங்களுக்குத் தெரியாம இன்னும் ரெண்டு தடவை செய்யணும். எந்தப் புட்டியில போட்டீங்கன்னு எங்கிட்ட மட்டும் எழுதிக் கொடுங்க. காலேஜ்லேருந்து உத்தரவு வாங்கித் தரேன். உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எல்லோரும் ராஜதுரையைப் பார்த்தார்கள். அவர் தயங்கினார்.

"முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

"கிரகணம் இல்லாம சும்மா எல்லாம் தர்ப்பை போட மாட்டேங்க. அது மொறையில்ல."

"வேற யாராவது போடட்டும்," என்றார் ஒரு பேராசிரியர்.

"அதுங்களுக்கு என் கை பழக்கங்க," என்றார் ராஜதுரை.

உத்தரவு, விஞ்ஞானம், பதவி எதைச் சொல்லியும் மனுஷன் அசையவில்லை. அனிதா பெருமூச்சு விட்டார். பிறகு செல்போனை எடுத்தார். அவரைப் பார்த்து மற்ற இரண்டு பேராசிரியர்களும் எடுத்தார்கள். நுண்ணுயிரியலில் மொத்தம் எண்பது வருஷ அனுபவம் உள்ள மூன்று பேர், தலையைக் குனிந்துகொண்டு பஞ்சாங்கம் தேடினார்கள்.

"மாசி மாசப் பௌர்ணமிக்கு ஒண்ணு இருக்கு," என்றார் ஒருவர்.

"அன்னைக்கே ரெண்டையும் போட்டுடலாமா?" என்றார் அனிதா, ராஜதுரையைப் பார்த்து.

அவர் யோசித்தார். "கிரகணம் புடிக்கறப்ப ஒண்ணு, விடறப்ப ஒண்ணு. போடலாங்க."

அனிதா குறிப்பேட்டை இழுத்து எழுதினார்: 'ஆய்வு நேர்மையானது என்று கமிட்டி ஏற்கிறது. மேலும் இரண்டு சோதனைகளுக்காக, அடுத்த சந்திர கிரகணம் வரை கால நீட்டிப்பு வழங்கப்படுகிறது.' மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏஞ்சல் மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜதுரையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, அது வரைக்கும் லீவு மட்டும் போட்டுடாதீங்க."